கீழ்வீடு கொடுத்தவளின் முழங்கால்

சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் பெண்பிள்ளை பிறந்தால், தொட்டிலுக்குக் கயிறு வாங்க முன்னமே தகப்பன் சீமெந்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவான். பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆண்பிள்ளையைப் பெற்றவன் புதுச்சட்டை போட்டு அனுப்பிவிட்டால் போதும். கல்லும் மணலும் கம்பியும் பெண்ணைப் பெற்றவனுடைய தலையில்தான்.

றாஹிலாவுக்கும் அப்துல் ஸமட்டுக்கும் பிறந்தது இரண்டும் பெண். வீடு கட்ட இருந்த வளவோ ஒன்று. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கிப் பிடித்த ஊர் அது. அடுத்த வீட்டுக்காரன் தும்மினால் இந்த வீட்டிலிருந்து யர்ஹமுகல்லாஹ் சொல்லலாம், அவ்வளவு ஒடுக்கமான ஒழுங்கை. இன்னொரு வளவு வாங்குவது நடக்கிற காரியமில்லை. ஆகவே ஊரில் எல்லாரும் செய்வதை அவர்களும் செய்தார்கள். அப்துல் ஸமட் கட்டாரில் பாரவண்டி ஓட்டிய முதல் பாதிக் காலம் கீழ்வீடாகி மூத்தவள் அப்ராவுக்குப் போயிற்று. மறுபாதி மேல்வீடாகி இளையவள் றிபாவுக்காக நின்றது.

மேலே போகிற படியை உள்ளே வைத்தால் கீழ்வீட்டின் அறை ஒன்று போய்விடும். கொடுத்த வீட்டில் அறை குறையலாமா? ஆகவே படி வெளியே வந்தது, வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் கிடந்த சந்துக்குள். மேசன் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இடம் காணா ஹாஜியார். படிய உசத்தித்தான் வைக்கணும். ஏறக்குள்ள மூச்சு வாங்கும்."

"நாங்க என்ன கிழடா? வை," என்றார் அப்துல் ஸமட். அவர் ஹஜ்ஜுக்குப் போனவரில்லை. கட்டாரிலிருந்து வந்தவரையெல்லாம் மேசன்மார் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்ராவின் கல்யாணம் முடிந்து, வீட்டு உறுதிப் பத்திரமும் எழுதி முடிந்ததும், றாஹிலாவும் புருஷனும் றிபாவும் மேலே ஏறினார்கள். யாரும் ஏறச் சொல்லவில்லை. கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் குந்திக்கொண்டிருந்தால் மாப்பிள்ளைக்குச் சங்கடம், பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இடி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. மருமகன் முபீன் நல்ல பொடியன்தான். மாமிக்கு முன்னால் தலை நிமிர்த்திக் கதைக்க மாட்டான். அவன் வீட்டில் நிற்கும் நேரம் றாஹிலா முன்வாசலால் போக மாட்டாள். குசினிப் பக்கத்தால் போய், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு வருவாள். தன் கையால் கூட்டிக் கழுவிய வீடு அது. விருந்தாளியாகப் பழகிக்கொண்டாள்.

மேல்வீட்டில் குடியேறி ஒரு வருசம் ஆக முன்னம், ஒருநாள் விடியச் சுபஹுத் தொழுகை நேரம் அப்துல் ஸமட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார், அப்படியே சாய்ந்து மௌத்தானார். மௌத்து வீட்டுக்கு வந்தவர்கள் உடலைத் தூக்கிப் போகும் சந்தூக்கை மேலே ஏற்றப் பார்த்தார்கள். சந்து திருப்பத்தில் அது திரும்பவில்லை. கடைசியில் மையித்தை ஒரு புடவையில் வைத்து நான்கு பேராகப் பிடித்து இறக்கினார்கள். றாஹிலா மேலே கதவோரம் நின்று பார்த்தாள். அழுகை வரவில்லை. மூன்றாம் படி மற்றதைவிட உசரம், பார்த்து வைக்கட்டும் என்ற யோசனை மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகும் அழுகை வரவில்லை. வந்த பெண்கள் "கல்லு மாதிரி இருக்காவே" என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். கல்லுக்குப் பாரம் தெரியாது. இவளுக்குப் பாரம் தெரிந்தது, மற்றது ஒன்றும் தெரியவில்லை.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில், நான்கு மாதமும் பத்து நாளும் அவள் கீழே இறங்கவில்லை. பாயில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். பார்க்க வருகிற பெண்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். வட்டிலப்பம் வந்தது, ரொட்டி வந்தது, இறைச்சி வந்தது. பசி இல்லாமலே சாப்பிட்டாள், தா என்றும் கேட்கவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. உடம்பு பெருத்தது, கால் சோர்ந்தது. இத்தா முடிந்த அன்று மாரி மழை. குளித்து, வேறு உடுப்பு உடுத்து, கீழே மகளைப் பார்க்க இறங்கினாள். பாசி பிடித்த கடைசிப் படியில் செருப்பு வழுக்கிற்று. பாதம் ஒரு பக்கம் போக, வலது முழங்கால் மறுபக்கம் முறுகிற்று. உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. பட்ட காலிலேதான் படும் என்பார்கள். இவளுக்குப் பட்டது முதலில் வேறெங்கோ, பிறகுதான் கால்.

முழங்கால் தேங்காய் அளவு வீங்கிற்று. ஊரிலுள்ள வைத்தியமெல்லாம் படியேறி வந்தது. எருக்கலை இலையை வாட்டிக் கட்டினார்கள். கருஞ்சீரக எண்ணெய் தேய்த்தார்கள். பக்கத்து வீட்டு றபீக்கா ஓதின எண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவந்தாள். ஹிஜாமா செய்கிற பெண் வந்து, கிண்ணம் வைத்துக் கறுத்த இரத்தம் எடுத்துக் காட்டி, "பாத்தீங்களா, அவ்வளவும் கெட்ட ரெத்தம்," என்றாள். றாஹிலா பார்த்தாள். யார் எதைச் சொன்னாலும் காலை நீட்டினாள். விருப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை. வீக்கம் கொஞ்சம் வற்றும், படி இறங்கி ஏறினால் மறுபடியும் பொங்கும்.

கடைசியில் அப்ராதான் ஒரு ஓட்டோ பிடித்து உம்மாவைக் கல்முனையில் எலும்பு டொக்டரிடம் கூட்டிப் போனாள். றிபா அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். விடியப் போனால் பின்னேரம்தான் வருவாள். டொக்டர் எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழங்காலை மடக்கினார், நீட்டினார், பக்கவாட்டில் அசைத்தார்.

"கால் விறைக்குதா?"

"இல்ல டொக்டர்."

உண்மையும் அதுதான். அவளில் விறைக்காத இடம் அந்தக் கால் ஒன்றுதான்.

"பயப்பட ஒண்டும் இல்ல," என்றார் டொக்டர். "உள்ளுக்குச் சவ்வுல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, அதோட வயசுத் தேய்மானமும் கிடக்கு. இதுக்கு வெட்டத் தேவையில்ல. ஆனா நான் சொல்றதக் கேக்கணும். உடம்புப் பாரத்தக் குறைக்கணும். தொடைத் தசையப் பலமாக்கணும், அதுக்குப் பயிற்சி காட்டித் தருவாங்க. நிலத்துல இருக்கப்படாது, குந்தப்படாது, தொழுற கதிரையில. முக்கியமா படி ஏறி இறங்கப்படாது. படி ஏறக்குள்ள உங்கட பாரத்தப்போல மூணு மடங்கு முழங்காலுல விழும். மாடி வீடா?"

இந்த இடத்தில்தான் றாஹிலா அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"இல்ல டொக்டர். கீழ் வீடுதான்."

ஏன் சொன்னாள்? ஆம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: கீழே யார் இருக்கிறார்கள்? மகள். எந்த மகள்? இதோ பக்கத்தில் கதிரையில் இருக்கிற மகள். பெற்ற உம்மாவை, இந்தக் காலோடு, மாடியில் ஏற்றி வைத்திருக்கிறாள் என்று டொக்டர் நினைப்பார். கதவுக்கு வெளியே வரிசையில் இருக்கிற பாதிப் பேர் ஊராக்கள், அவர்களுக்கும் கேட்கும். பிள்ளையின் முகம் ஒரு முழங்காலைவிடப் பெரிது. அது யோசித்துச் சொன்னதும் இல்லை. சோறு வேணுமா என்றால் வேண்டாம் என்று சொல்கிற வாய், தானாகச் சொன்னது.

சொன்ன பிறகு, ஒரு மூச்சு நேரம், அவள் காத்திருந்தாள். இல்ல டொக்டர், உம்மா மேலதான் இருக்கிறா என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும் என்று காத்திருந்தாள். அப்ரா எக்ஸ்றேயை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். உறை சிறிது, எக்ஸ்றே பெரிது. மூலையை மடக்கி மடக்கிப் போட்டாள். டொக்டர் அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

அப்ரா கெட்ட பிள்ளை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். உம்மாவின் உடுப்பெல்லாம் கீழே கொண்டுபோய் அவள்தான் கழுவுவாள். நல்ல மீன் வந்தால் முதல் துண்டு மேலே போகும். முழங்கால் இப்படியான பிறகு ஒரு வாளியில் கயிறு கட்டி, கறியும் மருந்தும் அதில் வைத்து, "உம்மா, இழுங்க!" என்று கீழே நின்று கூப்பிடுவாள். ஆனால் கீழ்வீட்டு முன்னறையில் அவள் போனில் படம் போட்டு விற்கிற அபாயா உடுப்புகள் முகடு வரைக்கும் அடுக்கியிருந்தன. உம்மா கீழே வந்தால் கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை றிபாவை மேலே தனியே விட ஏலாது, அவளும் வருவாள். கொடுத்த வீடு பழையபடி பெற்றவர்களின் வீடாகிவிடும். முபீன் ஒன்றும் சொல்ல மாட்டான், அவனுடைய உம்மா சொல்லுவாள். அப்ரா இதையெல்லாம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டால் கொடுத்திருப்பாளோ என்னவோ. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். உம்மாமார் அழ மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். பிள்ளைகளுக்கு அது வசதி.

பயிற்சி காட்டித் தருகிறவள் வினோஜா என்கிற பாண்டிருப்புப் பிள்ளை. ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் அவளுடைய அறை; கட்டில்கள், திரைச்சீலைகள், மூலையில் கைபிடி வைத்த ஒரு பலகைப் படி. அவள் ஒரு துவாயைச் சுருட்டி றாஹிலாவின் முழங்காலுக்குக் கீழே வைத்தாள்.

"உம்மா, இந்தத் துவாயக் கீழ அமத்துங்க. தொடை இறுகும், பாருங்க. அப்பிடியே பிடிச்சிருங்க. மூச்ச அடக்காதீங்க. இப்ப விடுங்க. மறுகா அமத்துங்க."

பிறகு காலை நீட்டியபடி கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிற பயிற்சி. கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்குகிற பயிற்சி. சுடுதண்ணிப் பையை எந்த நேரம் வைப்பது, வீங்கினால் ஐஸ் எப்படி வைப்பது, ஊன்றுகோலை நோகிற காலின் பக்கம் அல்ல, மற்றக் கையில் பிடிப்பது. "எல்லாரும் நோகிற பக்கந்தான் பிடிப்பாங்க உம்மா. அது பிழை," என்றாள் வினோஜா. சீனியைக் குறைக்கச் சொன்னாள், சோற்றைக் குறைக்கச் சொன்னாள், ஆனால் நடக்காமல் கிடக்க வேண்டாம், மட்டமான தரையில் நடக்க வேண்டும் என்றாள்.

றாஹிலா எல்லாவற்றையும் செய்தாள். காலையில், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, படுக்க முன்னம். சுகமாகும் என்ற நம்பிக்கையில் செய்யவில்லை. செய்யச் சொன்னார்கள், செய்தாள். துவாயை அமத்தும்போது முகட்டு ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்துப் பள்ளியில் பாங்கு சொல்லும், கீழே அப்ராவின் கைப்பிள்ளை சிணுங்கும், சந்துக்குள் யாரோ மோட்டார் சைக்கிளை உருட்டுவார்கள். எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரிக் கேட்கும். றிபா பள்ளிக்கூடத்தால் வந்து, "உம்மா, இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்டால், "பரவாயில்ல," என்பாள். நோகுதா என்றால், "இல்ல," என்பாள். அந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு ஒரு முழு நாளையும் ஓட்டிவிடலாம்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. சில கிழமைகளில் தொடை இறுகிற்று. கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்ப முடிந்தது. உடம்பும் கொஞ்சம் வற்றிற்று. ஆனால் ஒவ்வொரு கிளினிக் நாளும் வீக்கம் அப்படியே இருந்தது. வினோஜா அமத்திப் பார்ப்பாள், நெற்றியைச் சுருக்குவாள்.

"தசை நல்லாப் பிடிச்சிருக்கு உம்மா. இது வற்றியிருக்கணும். வீட்டுல என்ன செய்றீங்க? குந்துறீங்களா?"

"இல்ல மிஸ்."

"நிலத்துல இருக்கிறீங்களா?"

"இல்ல மிஸ்."

அது இரண்டும் பொய்யில்லை. கிளினிக்குக்கு வர இறங்கிய படியையும், திரும்பிப் போய் ஏறப்போகிற படியையும் யாரும் கேட்கவில்லை. அப்ரா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் செல்லத்தங்கம் என்றொரு மனிசி வந்து ஏறினாள். காரைதீவுக்காரி. வரும்போதே சத்தத்தோடு வந்தாள்.

"மிஸ், என்னால ஏலாது. மகள் மாடி வீடு கட்டியிருக்காள். மேலதான் காத்து வருதாம், மேலதான் படுக்கணுமாம். நான் எத்தின தரம் ஏறி இறங்கிற? கீழ ஒரு கட்டில் போடடி எண்டா, போடுறன் போடுறன் எண்டு இன்னும் போடுறாள் இல்ல. நீங்களாவது சொல்லுங்க!"

அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. செல்லத்தங்கத்தின் மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "சரியம்மா, இந்தக் கிழம போடுறன்," என்றாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. றாஹிலா துவாயை அமத்தியபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு லேசான காரியமா இது என்று ஒரு யோசனை வந்தது, வந்த வேகத்தில் போயிற்று.

வினோஜா அந்த மனிசியைப் பலகைப் படிக்குக் கூட்டிப்போய்க் காட்டிக்கொடுத்தாள். "கட்டில் போடும் வரைக்கும் இப்பிடி ஏறுங்க. ஏறக்குள்ள நல்ல கால் முன்னுக்கு. இறங்கக்குள்ள நோகிற கால் முன்னுக்கு. ஒரு படியில ரெண்டு காலும் வந்த பிறகுதான் அடுத்த படி. அவசரப்படாதீங்க."

றாஹிலா துவாயை அமத்த மறந்துபோனாள். திரைச்சீலையின் இடைவெளியால் பார்த்தாள். யாருக்கோ காட்டிக் கொடுத்த பாடத்தைத் திருடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று சந்துக்குள் நின்று, சுவரில் இடது கையை வைத்து, நல்ல காலை முன்னுக்கு வைத்து ஏறினாள். நோவு பாதியாகக் குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள், வழக்கத்தில் சொன்னதுதான். இந்தப் பாடம் தனக்கு முதல் நாளே கிடைத்திருக்கும், ஒரு சொல் சொல்லியிருந்தால். அதை நினைத்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் என்பது எந்தப் பக்கம் இருந்தது என்றே மறந்துபோயிருந்தது.

அடுத்த கிளினிக்கில் வினோஜா, "உம்மா, உங்கட தசை இப்ப நல்லாப் பலம். இந்தப் பலகைப் படியில ஒருக்கா ஏறிக் காட்டுங்க, மூட்டு எப்பிடித் தாங்குது எண்டு பாப்பம்," என்றாள். "உங்களுக்குப் படி பழக்கம் இல்லத்தானே, பயப்படாதீங்க, நான் பிடிக்கிறன்."

பிடிக்கத் தேவையிருக்கவில்லை. றாஹிலா நல்ல காலை முன்னுக்கு வைத்தாள், மற்றக் காலை அதனோடு சேர்த்தாள், அடுத்த படி. வலது பக்கம் பளபளவென்று கைபிடி இருந்தது. அதை அவள் தொடவில்லை. இடது கை விரிந்து, அந்தரத்தில், இல்லாத ஒரு சுவரைத் தேடிற்று. இறங்கும்போது நோகிற காலை முன்னுக்கு வைத்தாள். இப்போது வலது கை அதே சுவரைத் தேடிற்று.

வினோஜா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"உம்மா, உங்கட படி எங்க இருக்கு?"

அப்ரா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். றாஹிலா பலகைப் படியின் கடைசிப் படியில் நின்றாள். பழைய வாய் பழைய சொல்லோடு திறந்தது. அதற்கு முன்னம் அவள் மகளைப் பார்த்தாள். இந்த முறை எக்ஸ்றேயும் இல்லை, உறையும் இல்லை. அப்ராவின் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. வாயும் சும்மாதான் இருந்தது. தாயின் கண்ணைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். உம்மா எப்படியும் சமாளித்துவிடுவாள் என்று காத்திருக்கிறாள் என்பது றாஹிலாவுக்கு விளங்கிற்று. முதல் நாளும் இப்படித்தான் காத்திருந்தாள் என்பதும் விளங்கிற்று.

"சந்துக்குள்ள இருக்கு மகள்," என்றாள் றாஹிலா. மிஸ் என்ற சொல் எப்படியோ விழுந்துபோயிருந்தது. "நான் மேலதான் இருக்கன். கீழ்வீட்ட இவக்குச் சீதனமாக் குடுத்திட்டம். குடுத்தத்துல போய் இடம் கேக்கப்படாதுதானே. அதான் டொக்டர்ட்டயும் இல்லண்டு சொன்ன."

வினோஜா ஏசுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். இவ்வளவு நாளும் என்னை வீணாக மினக்கெடுத்தினீர்களே என்று கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. அவள் ஏசவில்லை. கட்டிலில் கிடந்த துவாயை எடுத்து மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"எனக்கும் வீடு தந்துதான் கலியாணம் கட்டிவெச்ச," என்றாள். "எங்கட அம்மா பின்னுக்குக் குசினியோட சாய்ச்சு இறக்கின பத்தியிலதான் படுக்கிறா. நான் ஒருநாளும் கேட்டதில்ல, அம்மா உங்களுக்கு அங்க இடம் காணுமா எண்டு."

வெளியே அடுத்த நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வினோஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினாள்.

"கீழ வந்திடுங்க உம்மா. ஊசி, மாத்திர, பயிற்சி எல்லாம் பிறகுதான். அந்தப் படியில ஏறி இறங்கிற வரைக்கும் நான் தாறது ஓட்டை வாளியில தண்ணி அள்ளுற மாதிரி. கீழ வந்தா ரெண்டு மூணு மாசத்துல நடப்பீங்க, வெட்டுக் கொத்து ஒண்டும் வேணாம். வராட்டி ஒருநாளைக்குக் கத்தி வைக்கத்தான் வேணும்." பிறகு அப்ராவைப் பார்த்து, "விளங்கினதா தங்கச்சி?" என்றாள். அப்ரா தலையாட்டினாள்.

ஓட்டோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கல்முனைச் சந்தை நெரிசலை ஓட்டோ தாண்டிற்று. சாய்ந்தமருதுப் பக்கம் ஓட்டோ திரும்பி வேகமெடுத்ததும், அப்ரா காற்றுச் சத்தத்துக்குள் சொன்னாள்.

"அண்டைக்கு டொக்டர் கேக்கக்குள்ள நான் சொல்லியிருக்கலாம் உம்மா."

உம்மாமாருக்கு இதற்கொரு பதில் பிறக்கும்போதே நாக்கில் எழுதி வைத்திருக்கிறது. பரவாயில்ல மகள். அது நுனி நாக்கு வரைக்கும் வந்தது. றாஹிலா அதை விழுங்கினாள்.

"ஓம்," என்றாள். "சொல்லியிருக்கலாம்."

அப்ரா திரும்பிப் பார்த்தாள். அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஓட்டோக்காரன் கண்ணாடியால் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தான். வேறொரு நாளென்றால் றாஹிலாவின் கை மகளின் தலைக்குப் போயிருக்கும். இன்றைக்கு அது போகவில்லை. மடியிலேயே கிடந்தது. அவளுக்குக் கோபமாக இருந்தது. மகள்மீது கோபம், தன்மீது கோபம், வளவில்லாத ஊரில் வழக்கத்தை மட்டும் குறையாமல் வைத்திருக்கிற எல்லார்மீதும் கோபம். புருஷனுடைய மையித்து இறங்கிய நாளிலிருந்து அவளுக்குள்ளே வந்த முதல் ஆள் அந்தக் கோபம்தான்.

ஒழுங்கையில் இறங்கியதும் அவள் சந்துப் பக்கம் திரும்பவில்லை. ஊன்றுகோலை ஊன்றி நேரே முன்வாசலுக்குப் போனாள். முபீன் வீட்டில்தான் நின்றான். மாமி முன்வாசலால் வருவதைக் கண்டு கதிரையை விட்டு எழும்பினான். அப்ராவின் அழுத முகத்தைப் பார்த்தான்.

"உம்மா இனி கீழதான்," என்றாள் அப்ரா. "றிபாவும்."

"நான் எப்பவோ கேட்டன், நீங்கதான் உம்மா வரமாட்டா எண்டு சொன்ன," என்றான் முபீன் அவளிடம். சொன்ன பிறகுதான் அது எங்கே போய்ப் படும் என்று அவனுக்குத் தெரிந்தது. அவசரமாக முன்னறைக்குள் போய் அபாயாக்களை அள்ளி வெளியே கொண்டுவரத் தொடங்கினான்.

றாஹிலா அதையும் கேட்டாள்.

துணிகள் போன பிறகு அறையில் ஒரு கட்டிலுக்கு இடம் இருந்தது. கட்டில் வந்தது, படுக்கை வந்தது. றாஹிலா காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். அப்ரா ஒரு துவாயைக் கொண்டுவந்து சுருட்டினாள். கிளினிக்கில் இவ்வளவு நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சுருட்டுகிற விதம் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தாள். உம்மாவின் முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி, துவாயை அடியில் வைத்தாள்.

"அமத்துங்க உம்மா."

றாஹிலா அமத்தினாள். இருந்த கோபம் அவ்வளவையும் சேர்த்து அமத்தினாள். தொடை இறுகி நடுங்கிற்று. வீங்கிய இடத்திலிருந்து ஒரு நோவு கிளம்பி, இடுப்பு, நெஞ்சு, தொண்டை என்று ஏறிற்று. அப்ராவின் கை முழங்காலின் மேல் இருந்தது, பயந்து பயந்து.

"நோகுதா உம்மா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். றாஹிலா மகளின் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்து, பக்கவாட்டால் வழிந்து, காதுக்குள் இறங்கிற்று. அவள் துடைக்கவில்லை.

"நோகுது," என்றாள். "நல்லா நோகுது மகள்."